பகாவ் பழைய பொருள் நிலையம்: மூட்டையைக் கட்டும் முன்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள பகாவ் கடைவீதிக்குப் பின்புறம், தானமாக வரும் பொருளை வாங்கிப் பிரிக்கும் பழைய பொருள் நிலையத்துக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் தாராளமாகக் கொடுக்கலாம். பிடித்துவைத்த ஒன்று, அவர்கள் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் நிகழ்ச்சியின் பின்பாதிக்காக.

இவர்களிடம் முதலில் பாராட்ட வேண்டியது, கொண்டுபோவதையெல்லாம் வாங்கிக்கொள்வதில்லை என்பதைத்தான். வாசலிலேயே நீள மேசை போட்டிருக்கிறார்கள். மூட்டையை அங்கே அவிழ்க்க வேண்டும். ‘தானம் கொடுக்க வந்தவனுக்குச் சோதனையா?’ என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் சரியாகக் காயாத ஒரே ஒரு துண்டு போதும், கட்டிய கறுப்புப் பைக்குள் இருக்கும் மொத்தத் துணியிலும் பூஞ்சணம் ஏறிவிடும். பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகும் முறையில் இது தெரியவரும்போது பை முழுவதும் குப்பைதான்.

துணியைத் துவைத்து, நன்றாக வெயிலில் காயவைத்து, ஒருவர் தூக்கும் எடைக்குக் கட்டுங்கள். சேலை உடனே போய்விடும். ரவிக்கை தேங்கும், அது ஒருவர் அளவுக்கே தைத்தது. பழைய பட்டுச் சேலையைப் பிரித்து மடிப்புக் கோட்டைப் பாருங்கள். நெடுநாள் ஒரே மடிப்பில் கிடந்தால் அங்கேதான் இற்றுப்போகும். கிழிந்த பருத்தித் துணிக்குத் தனிப் பை, அது மோட்டார் பட்டறைகளுக்குத் துடைக்கப் போகிறது. பாலியஸ்டரை அதில் கலக்காதீர்கள். அது ஈரத்தை இழுக்காது, தள்ளிக்கொண்டேதான் போகும். உள்ளாடை, தலையணை, மெத்தை எதையும் எடுப்பதில்லை.

அதிகம் தேவைப்படுவது பள்ளிச் சீருடை. பெயர்ப்பட்டையையும் பள்ளிச் சின்னத்தையும் பிரித்துவிட்டு, மார்பளவை ஒரு தாளில் எழுதிக் குத்திக் கொடுத்தால் தேடுகிற தாய்மாருக்குப் பாதி வேலை மிச்சம். பள்ளிகள் கறுப்புக் காலணிக்கு மாறிவிட்டதால் வெள்ளைக் காலணியை வாங்குவதில்லை. கறுப்பானாலும் அடிப்பாகத்தை ஒருமுறை வளைத்துப் பாருங்கள். போடாமல் பெட்டியில் கிடந்த காலணியின் பாலியூரித்தேன் அடி, காற்றின் ஈரத்தாலேயே உதிரத் தொடங்கும். மேலே புதுசு போலவே இருக்கும், மாட்டி நடந்தால் ஒரு வாரம் தாங்காது. ஜோடியைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். ஒற்றைக் காலணி மட்டுமே ஒரு கூடை நிறையக் கிடக்கிறது.

புத்தகத்தில்தான் பெற்றோர் அதிகம் தடுமாறுகிறார்கள். பாடநூல் இரவல் திட்ட நூல்கள் உங்களுடையவை அல்ல, தானம் செய்ய முடியாது, பள்ளிக்கே திரும்ப வேண்டும். ஆறாம் ஆண்டில் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ரத்தாகிவிட்டது. அந்தப் பயிற்சி நூல்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பழைய தாள் எடைக்குத்தான் போகும். கதைப் புத்தகமும் அகராதியும் கொண்டுவாருங்கள்.

மின்சாதனத்தை அங்கேயே செருகிப் பார்ப்பது நல்ல பழக்கம். மின்விசிறி உறுமுகிறது, ஆனால் சுழலவில்லை என்றால் தூக்கி எறிய வேண்டாம். பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் வலு குறைந்திருக்கும், அல்லது தண்டைத் தாங்கும் வளையமான புஷ் உலர்ந்து தண்டு இறுகியிருக்கும். இரண்டும் சில ரிங்கிட்டில் முடிகிற வேலை என்பதால் பழுதுபார்க்கும் மூலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கைப்பேசியானால் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே உள்ளிருப்பதை அழித்துவிடுங்கள். கணக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அடுத்தவருக்குப் பூட்டு திறக்காது. உப்பிய பேட்டரியையும் பவர்பேங்கையும் திருப்பி அனுப்புகிறார்கள். அதில் தப்பில்லை, லோரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு நம் சட்டப்படி எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் வரும் அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தானதென்று பட்டியலிட்ட கழிவு, அதற்கென்று உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். அந்த இடம் எது என்று வாசலில் ஒரு பலகை வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

அலமாரி, கட்டிலுக்கு லோரி அனுப்புகிறார்கள். ரப்பர், செம்பனைத் தோட்டத்துக்குள் வரவேண்டுமானால் முதல் நாளே பாதுகாவலர் சாவடியில் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் தடுப்புக் கம்பிக்கு வெளியிலிருந்தே திரும்பிவிடும். மழைக்காலத்தில் செம்மண் பாதைக்குள் இறங்க ஓட்டுநர்கள் தயங்குகிறார்கள். சாமானைத் தார்ச்சாலை வரை கொண்டுவந்து வைப்பது நல்லது. தீபாவளிக்கு முந்திய வாரம் மட்டும் போகாதீர்கள். எல்லார் வீட்டுச் சுத்தமும் அப்போதுதான், மேசையில் இடமிருக்காது. சிலர் இரவில் வேலியோரம் வைத்துவிட்டுப் போகிறார்கள். வாளியிலும் பொம்மையிலும் மழைநீர் தேங்கினால், முட்டை கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள்தான் ஆகும்.

மாணவர் நிகழ்ச்சியின் முதல் மணி நேரம் பிரமாதம். கலந்து கட்டிய மூட்டையை மேசையில் கொட்டி, அப்படியே பயன்படும், பழுதுபார்த்தால் பயன்படும், மறுசுழற்சி, குப்பை என்று நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். கைப்பிடி உடைந்த சட்டி பழுதா, உலோகமா என்று பிள்ளைகள் வாதாடுவதுதான் உண்மையான பாடம். உடைந்த கண்ணாடியோ ஊசியோ இருக்கிறதா என்று ஆசிரியர் முன்பே பார்த்துவிட வேண்டும். துணிக் கையுறை கொண்டுபோங்கள், அங்கே தரும் மெல்லிய பிளாஸ்டிக் உறை கிழிந்துவிடுகிறது.

அடுத்த மணி நேரத்தில்தான் சறுக்கல். எந்த வகுப்பு அதிகக் கிலோ சேர்த்தது என்று போட்டி வைக்கிறார்கள். எடைக்குப் பரிசு என்றால் நனைந்த செய்தித்தாள் வரும், வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் அரைவை இயந்திரம்கூட வரும். கார் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஜெயிக்கும், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து பள்ளிப் பேருந்தில் வரும் பிள்ளை தோற்கும். கொண்டுவந்த பொருளில் எத்தனை விழுக்காடு மேசையில் தேறியது என்று கணக்கிட்டால் போதும். பத்துப் பொருளில் ஒன்பது தேறினால் 90, ஐம்பதில் இருபது தேறினால் 40. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள்.

மறுசுழற்சிக்கான வண்ணத் தொட்டிப் பாடமும் நகரத்துக்கு எழுதியது. நீலம் தாளுக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். நெகிரி செம்பிலானில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே பிரிப்பது கட்டாயம் என்பதும் சரிதான். ஆனால் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வரும் குப்பை லோரி எல்லாத் தோட்ட லயத்துக்கும் வருவதில்லை. பல இடங்களில் குழியும் நெருப்பும்தான் வழி. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது வேறு: பிவிசி குழாயை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும்; போத்தலைக் கழுவி நசுக்கி, டின்னோடு ஒரு சாக்கில் காயவைத்தால் பழைய இரும்பு வாங்க வருகிறவர் எடுத்துப்போவார்.

முன்பதிவின்போதே எடைப் போட்டி வேண்டாம் என்று ஆசிரியர் கேட்டால், அந்த நேரத்தையும் மேசைக்கே ஒதுக்கித் தருகிறார்கள். முப்பது பேருக்கு மேல் இருந்தால் இரண்டு நாளாகப் பிரித்துக் கேளுங்கள். ஒரு மேசையைச் சுற்றி ஆறு பேருக்கு மேல் நின்றால் பின்னால் நிற்பவர் கைக்குப் பொருளே வராது.