பொருள் தெரிகிறது, மரபு தெரியவில்லை: ஓர் ஆங்கிலச் சொற்பயிற்சிச் செயலி

ஆங்கிலச் சொற்களை எடுத்துக்காட்டு வாக்கியங்களின் வழியே கற்பிப்பதாகச் சொல்லும் செயலி ஒன்றை மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு சொல்லைத் தட்டினால் ஆங்கில விளக்கம், தமிழ்ப் பொருள், உச்சரிப்பு ஒலி, இருபது முப்பது வாக்கியங்கள், கடைசியில் கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி என வரிசையாக வருகின்றன. இத்தகைய செயலியை எடைபோட ஆயிரம் சொற்களைத் தேட வேண்டியதில்லை. ஒரே பொருள் வட்டத்தில் நெருங்கி நிற்கும் நான்கைந்து சொற்களை அது எப்படிப் பிரித்துக் காட்டுகிறது என்று பார்த்தாலே போதும். கொழுந்துவிட்டெரியும் ஆர்வத்தைக் குறிக்கும் பெயரடைகளான ஆர்டென்ட், ஃபெர்வென்ட், டாரிட், பேஷனேட் ஆகியவற்றை நான் அதற்காகத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் நிறைகள். உச்சரிப்புப் பகுதி நன்றாகவே இருக்கிறது. ஆர்டென்ட் என்பதில் அழுத்தம் முதல் அசையில்தான் விழ வேண்டும் என்பதும், பிரித்தானிய ஒலிப்பில் நடுவிலுள்ள ரகரம் மறைந்து ‘ஆடன்ட்’ என்றே காதில் விழும் என்பதும் இரண்டு முறை கேட்டவுடன் மனத்தில் பதிந்துவிட்டன. சொற்பிறப்புக் குறிப்புகள் அதைவிடச் சிறப்பானவை. ஆர்டென்ட் ‘எரிதல்’ என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தீவைப்புக் குற்றத்தைக் குறிக்கும் ஆர்சன் என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். ஃபெர்வென்ட் கொதித்தலிலிருந்தும், டாரிட் காய்ந்து கருகுதலிலிருந்தும், பேஷனேட் துன்பத்தைத் தாங்குதலிலிருந்தும் பிறந்தவை. ஆங்கிலேயரின் வேட்கை எரிகிறது, கொதிக்கிறது, கருகுகிறது. நம் மொழியிலோ பக்தியும் அன்பும் பெரும்பாலும் உருகுகின்றன. ‘ஃபெர்வென்ட் பிரேயர்’ என்பதை ‘மனமுருகிய வேண்டுதல்’ என்று செயலி மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்தபோது, இதைச் செய்தவர் தமிழ் அறிந்தவர் என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி வெகுநேரம் நீடிக்கவில்லை.

எடுத்துக்காட்டு வாக்கியங்கள் எங்கெங்கிருந்தோ தானியங்கியாகத் திரட்டப்பட்டவை என்பது ஐந்தாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடுகிறது. ‘ஆர்டென்ட் சப்போர்ட்டர்’ என்பதற்குத் ‘தீவிர ஆதரவாளர்’ என்று பொருள் தந்த அதே பட்டியலில், ‘ஆர்டென்ட் ஸ்பிரிட்ஸ்’ என்பதற்குத் ‘தீவிர ஆவிகள்’ என்று போட்டிருக்கிறார்கள். அது காய்ச்சி வடித்த மதுவகைகளுக்கு வழங்கிய பழைய பெயர். தீப்பற்றி எரியக்கூடியது என்பதால் அப்படி அழைத்தார்கள். பேயோட்டும் வாக்கியம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாணவர் இதை மனப்பாடம் செய்தால் யார் பொறுப்பு? வழக்கொழிந்த பொருள் என்ற ஒரு சிறு குறிப்பு இருந்திருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்காது. டாரிட் என்ற சொல்லுக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. ‘டாரிட் அஃபேர்’ என்றால் மோகம் தலைக்கேறிய உறவுதான், மறுப்பில்லை. ஆனால் பிரித்தானிய விளையாட்டுச் செய்திகளில் ஒரு தடுப்பாட்டக்காரர் ‘டாரிட் டைம்’ கண்டார் என்றால், எதிரணியிடம் அவர் படாதபாடு பட்டார் என்று பொருள். செயலியோ அந்த ஆட்டக்காரருக்கு ‘மோகமான நேரம்’ வாய்த்ததாகச் சொல்லி அவர் குடும்பத்தில் குழப்பம் விளைவிக்கிறது.

இவையெல்லாம் சிரித்துக் கடந்துவிடக்கூடிய பிழைகள். சிரிக்க முடியாத குறை பயிற்சிப் பகுதியில் இருக்கிறது. நமக்குப் பள்ளியில் மரபு வழு என்று சொல்லித் தந்திருக்கிறார்கள்: குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும், குயில் பிளிறியது என்று எழுதினால் எழுவாயும் பயனிலையும் பொருந்தினாலும் அது தமிழ் ஆகாது. ஆங்கிலத்துக்கும் அப்படியொரு மரபு உண்டு, அதை எந்த இலக்கண விதியும் முழுமையாகச் சொல்லித் தராது. நம்பிக்கையும் வேண்டுதலும் பெரும்பாலும் ஃபெர்வென்ட் என்ற சொல்லை நாடும். ஆதரவாளரும் அபிமானியும் ஆர்டென்ட் என்பதோடு சேர்வார்கள். புத்தகம் படிப்பவருக்கு இரண்டையும்விட ‘ஆவிட்’ என்ற சொல்தான் இயல்பு. செயலியின் பயிற்சியில் ‘ஹோப்’ என்ற சொல்லுக்கு முன்னிருந்த கோட்டில் ஃபெர்வென்ட் என்று நிரப்பினேன். சிவப்பு நிறத்தில் தவறு என்று வந்தது. ஆர்டென்ட் மட்டுமே சரியான விடையாம். அடுத்து, வேண்டுமென்றே ‘ஐ ஆம் ஆர்டென்ட் அபௌட் மியூசிக்’ என்று எழுதிப் பார்த்தேன். பச்சை நிறத்தில் பாராட்டு வந்தது. ஆர்டென்ட் பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அதை அடைகொள்ளும் சொல். ‘அபௌட்’ என்ற முன்னிடைச்சொல்லோடு இயல்பாகச் சேர்வது பேஷனேட்தான். இசை மீது, இசையில் என்று வேற்றுமை உருபுகளில் சிந்திக்கும் நமக்கு ‘பேஷனேட் ஆன்’, ‘பேஷனேட் இன்’ என்றெல்லாம் கை தானாகப் போகும். ஒரு தமிழருக்கு இந்தச் செயலி முதன்மையாகத் திருத்த வேண்டிய இடம் அது, அதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

செய்ய முடியாத வேலை ஒன்றும் இல்லை இது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கணினியில் திரட்டிய உண்மையான ஆங்கிலப் பேச்சையும் எழுத்தையும் அடிப்படையாகக் கொண்டு, எந்தச் சொல் எதனோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்துப் பார்த்துத் தொகுத்த கோபில்ட் அகராதி 1987இலேயே வெளிவந்துவிட்டது. அதன் பிறகு வந்த ஒரு செயலி வாக்கியங்களைக் குவித்துவைப்பதோடு நின்றுவிடுவதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. விடைத் தவறைச் சுட்டிக்காட்டி எழுதியபோது, ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. ஆர்வத்தைக் குறிக்கும் சொல்லைப் பற்றிய புகாருக்கு ஆர்வத்துக்கே நன்றி சொன்ன பொருத்தத்தை மட்டும் ரசித்தேன்.

கட்டணச் சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை. உச்சரிப்பும் சொற்பிறப்பும் இலவசப் பகுதியிலேயே கிடைப்பதால் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கவும் இல்லை. வாக்கியங்களுக்கு மட்டும், சேர்க்கைகளைத் தனியே பட்டியலிடும் ஓர் அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு, செயலி பச்சை நிறம் காட்டுவதையெல்லாம் இன்னொரு முறை சரிபார்க்கிறேன்.