சூரியத் தரவுத்தொகுப்பு: ஆய்வு நிதியை எதில் போடுவது?

சூரிய இயற்பியலில் இயந்திரக் கற்றல் மாடலை எழுதுவது இன்று பெரிய வேலையில்லை. அதற்கு ஊட்டும் தரவைச் சீர்படுத்துவதில்தான் மாதங்கள் கரைகின்றன. நாசா ஆண்டுதோறும் வெளியிடும் ரோசஸ் என்ற ஆய்வு நிதி அழைப்புகளில் இதற்கென்றே தனிப் பிரிவு வந்ததும் அதனால்தான். ஆனால் ‘கற்றலுக்குத் தயாரான தரவு’ என்று எழுதும் எல்லோரும் ஒரே வேலையைச் சொல்வதில்லை. சூரியனைக் கண்காணிக்க நாசா 2010 பிப்ரவரியில் ஏவிய எஸ்.டி.ஓ. விண்கலத்தின் தரவிலிருந்து உருவான மூன்று தொகுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது தெளிவாகும்.

முதலாவது, 2019இல் வெளிவந்த எஸ்.டி.ஓ.எம்.எல். அது 4096×4096 படங்களை 512×512 ஆகச் சுருக்கியது. புறஊதாப் படங்கள் 6 நிமிடத்துக்கு ஒன்று, காந்தப்புலம் 12 நிமிடத்துக்கு ஒன்று, மொத்தம் சுமார் 6.5 டெராபைட். ஒரு பிக்சல் சூரியப் பரப்பில் ஏறத்தாழ 3,500 கி.மீ. என்பதால் நுண்ணிய காந்த அமைப்பு இதில் தெரியாது. இதன் மதிப்பு சுருக்கியதில் இல்லை, திருத்தங்களில் இருக்கிறது. 304 ஆங்ஸ்ட்ராம் புறஊதா அலைவரிசையில் கருவியின் உணர்திறன் ஆண்டுக்காண்டு தேய்ந்து வந்தது. பூமியின் பாதை நீள்வட்டம் என்பதால் சூரிய வட்டின் அளவு ஆண்டுக்குள் சுமார் 3% மாறுகிறது. இரண்டையும் சரிசெய்யாவிட்டால் மாடல் சூரியனை விட்டுவிட்டுக் காலண்டரைப் படிக்கும். குறை என்னவென்றால், தேய்மானத் திருத்த அட்டவணைகள் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகின்றன. மூன்றாண்டு நிதி தீர்ந்தபின் தொகுப்பை மறுபடி கணக்கிட யாரும் இருப்பதில்லை.

இரண்டாவது, 2020இல் வந்த ஸ்வான்-எஸ்.எஃப். இதில் படமே இல்லை. செயல்மிகு பகுதிகளின், அதாவது சூரியப் பரப்பில் காந்தப்புலம் வலுத்த இடங்களின், காந்த அளவுருக்கள் 12 நிமிட இடைவெளியில் காலத்தொடர்களாக இருக்கின்றன: 2010 மே முதல் 2018 டிசம்பர் வரை 4,098 தொடர்கள். எங்கள் பார்வையில் கொடுத்த பணத்துக்கு அதிகம் திருப்பித் தந்தது இதுதான். ஃபிளேர் எனப்படும் சூரிய வெடிப்பு எந்தப் பகுதியில் நடந்தது என்பதில் அதிகாரப்பூர்வப் பட்டியலிலேயே பிழைகள் உண்டு. இக்குழு அதை வேறு பட்டியல்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தது. காலத்தால் ஒன்றன்மேல் ஒன்று விழாத ஐந்து பிரிவுகளாகவும் பிரித்துக் கொடுத்தது.

அந்தப் பிரிப்பு ஏன் முக்கியம்? மாடலுக்கு ஊட்ட ஒவ்வொரு தொடரும் துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒரு துண்டு 12 மணி நேரம். அடுத்த துண்டு ஒரு மணி தள்ளித் தொடங்குகிறது. ஆக, அடுத்தடுத்த இரண்டு துண்டுகளில் 11 மணி நேரம் ஒரே தரவு. இவற்றைக் குலுக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பங்கிட்டால் மாடல் விடையை முன்பே பார்த்துவிடும், மதிப்பெண் எகிறும், நேரடி முன்கணிப்பில் சரியும். ஒரு பிரிவில் பயிற்சி, வேறொன்றில் சோதனை என்று மட்டுமே ஓட்ட வேண்டும். வெடிப்புகள் அரிது என்பதால் வெறும் துல்லிய விழுக்காடும் பயனற்றது. ‘வெடிக்காது’ என்று எப்போதும் சொல்லும் மாடலே அதில் முன்னணியில் நிற்கும். சரியாகப் பிடித்த வெடிப்புகளின் விகிதத்திலிருந்து பொய் எச்சரிக்கைகளின் விகிதத்தைக் கழித்துக் கிடைக்கும் டி.எஸ்.எஸ். மதிப்பைக் கேளுங்கள்.

தொகுப்பை 2018க்குப் பின் நீட்ட விரும்புவோருக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. வெடிப்பின் வலிமை, கோஸ் எனும் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் அளக்கும் எக்ஸ்-கதிரைக் கொண்டு எம், அதைவிடப் பத்து மடங்கு வலிய எக்ஸ் என்று வகுக்கப்படுகிறது. கோஸ்-15 வரையிலானவற்றின் நடைமுறை எக்ஸ்-கதிர் அளவுகள் 0.7ஆல் பெருக்கப்பட்டவை, கோஸ்-16 முதல் அப்படியில்லை. பழைய எம்7 வெடிப்பு புதிய அளவில் எக்ஸ்1. பழையதை 0.7ஆல் வகுக்காமல் ஒட்டினால் லேபிள்கள், அதாவது மாடல் கற்க வேண்டிய விடைக் குறிகள், நடுவில் உடையும்.

மூன்றாவது, நாசாவும் ஐபிஎம்மும் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட சூர்யா என்ற சூரியத் தரவு மாடலோடு இணைந்த சூர்யாபெஞ்ச். முழு 4096×4096 நுணுக்கம், 13 அலைவரிசைகள், 12 நிமிட இடைவெளி, கூடவே வெடிப்பு, சூரியக் காற்று முதலிய பணிகளுக்கான லேபிள்கள். அறிவியலாக இது மிகச் செழுமையானது. ஆனால் 32 பிட் எண்களாக ஒரு நேரப்புள்ளிக்கு 872 மெகாபைட், ஆண்டுக்கு அமுக்காமல் 38 டெராபைட். மேகச் சேமிப்பில் ஜிபிக்கு மாதம் 0.023 டாலர் என்றால் ஓராண்டுத் தரவை வைத்திருக்க மட்டும் மாதம் சுமார் 880 டாலர். வெளியே இறக்கும் கட்டணம் தனி. பல்கலைக்கழகக் குழு ஒன்று தன் நிதியில் இதைத் தாங்காது. இது நிறுவனங்களின் நிரந்தர வரவுசெலவில் இருக்க வேண்டிய செலவு.

ஆகவே இரண்டு மூன்று பேர் கொண்ட குழு நிதி கேட்பதானால் இரண்டாவது வழியில் போகட்டும்: ஒரே கேள்வி, சில நூறு ஜிபிக்குள் தரவு, பாதிக்கு மேல் பணம் லேபிள் சரிபார்ப்புக்கு. படங்களை எண்மமாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. கொடைக்கானல் வானாய்வகத்தின் 1904 முதலான சூரியத் தட்டுகள் நுணுக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டுவிட்டன. ஆனால் பதிவு நேரத்தையும் வடக்குத் திசையையும் சரிபார்க்காமல் அவற்றை மாடலுக்குக் கொடுக்க முடியாது. அந்த உழைப்புக்கும் விண்ணப்பத்தில் தனி வரி போடுங்கள்.

தரவின் இரண்டாவது நகலுக்கும் ஒரு வரி வேண்டும். 2024 நவம்பர் 26 அன்று ஸ்டான்ஃபோர்டில் குளிரூட்டும் நீர்க்குழாய் வெடித்து எஸ்.டி.ஓ. தரவு மையத்தில் வெள்ளம் புகுந்தது. சேவை சீராக மாதங்கள் பிடித்தன. வேறிடத்தில் நகல் வைத்திருந்தவர்களின் வேலைதான் அப்போது நிற்காமல் நடந்தது.