மின்னலைப் படமெடுக்க: நீண்ட எக்ஸ்போஷரா, ட்ரிகரா?

கோலாலம்பூரில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்காலமானால் இடி மழைதான். இரட்டைக் கோபுரத்துக்குப் பின்னால் மின்னல் வெட்டுவதைப் படமெடுக்க இரண்டு வழி உண்டு.

இருட்டிய பிறகு நீண்ட எக்ஸ்போஷரே, அதாவது கேமராவின் ஷட்டரைப் பல வினாடி திறந்து வைப்பதே போதும். கேமராவை முக்காலியில் வைத்து, தூரத்துக் கட்டட விளக்கில் ஃபோகஸ் செய்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப்/8, 10 வினாடி என்று விடாமல் எடுத்துக்கொண்டே இருக்கலாம். கோபுர விளக்குகள் வெளுத்துப்போனால் நேரத்தைக் குறையுங்கள்.

ஆனால் இங்கே மழை பெரும்பாலும் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுகிறது. ஐந்து மணிக்கு ஷட்டரை அவ்வளவு நேரம் திறந்தால் படம் வெள்ளைத்தாள்தான். அப்போது கேமராவில் இணைக்கும் ட்ரிகர் என்ற சிறு கருவி கைகொடுக்கும். மின்னலின் ஒளியை உணர்ந்து அதுவே ஷட்டரைத் தட்டிவிடும். ஒரு மின்னலில் பெரும்பாலும் அதே பாதையில் பல வீச்சுகள் அடுத்தடுத்துப் பாய்வதால், முதல் வீச்சு தப்பினாலும் அடுத்தது சிக்கும். மேகத்துக்குள் மின்னினாலும் கிளிக் ஆகி வெற்றுப் படங்கள் குவியும், பரவாயில்லை.

புதியவர்கள் இரவு மழையில் தொடங்குங்கள். ட்ரிகரை அப்புறம் வாங்கலாம். எதுவானாலும் மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவு என்றால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள், ஆபத்தான தூரத்தில் இருக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு, மூடிய ஜன்னலுக்குப் பின்னாலிருந்தே எடுங்கள்.