8×42 பைனாகுலர், அஞ்சு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

தாம்பரத்துல வீடு, பின்னாடி ஒரு முருங்கை, ரெண்டு செம்பருத்தி, ஒரு இட்லிப்பூ செடி, அவ்ளோதான் தோட்டம். இந்த பைனாகுலர் வாங்குனதே அங்க வர்ற மஞ்ச வயித்துச் சின்னக் குருவிங்களுக்காகத்தான். ஆண் தேன்சிட்டு வெயில்ல நின்னா மினுமினுன்னு இருக்கும், அத வெறும் கண்ணாலயே சொல்லிடலாம். பெட்டைங்கதான் பெரும்பாடு, எல்லாமே மேல மண்ணு கலரு கீழ மஞ்ச, பூவுல மூக்க விட்டு ரெண்டு செகண்டுல பறந்துரும்.

முதல்ல ஒரு ஜூம் மாடல் வாங்கி ஏமாந்தேன், படம் ஒரே மங்கல். அப்புறம்தான் இது. 8 மடங்கு தாராளமா போதும்ங்க. 10 மடங்குன்னா கை ஆட்டமும் சேர்ந்து பெருசாத் தெரியும், பாக்குற வட்டமும் பொதுவா சின்னதாயிடும், கிளைக்குக் கிளை தாவுற 10 செ.மீ. குருவிய அதுக்குள்ள புடிக்கிறது ரொம்ப கஷ்டம். 42ங்கிறது முன்னாடி லென்ஸோட அகலம், மில்லிமீட்டர்ல. காலைல ஆறரை மணி வெளிச்சத்துலயும் தொண்டை கலர் தெளிவா தெரியுது, எனக்கு அதான் வேணும்.

ஏன்னா விஷயமே தொண்டைலதான் இருக்கு. தொண்டை சாம்பல் வெள்ளையா இருந்து அதுக்குக் கீழ நெஞ்சு மட்டும் மஞ்சளா இருந்தா ஊதாப்பிட்டு தேன்சிட்டு பெட்டை. தொண்டைல இருந்தே மஞ்ச ஆரம்பிச்சு கண்ணுக்கு மேல வெளிர் புருவம் ஓடுனா ஊதா தேன்சிட்டு பெட்டை. புருவமே இல்லாம மூக்கு அருவா மாதிரி நீளமா வளைஞ்சிருந்தா லோட்டன் தேன்சிட்டு, 1752ல இருந்து 1757 வரைக்கும் இலங்கைல டச்சு கவர்னரா இருந்தவரு பேரு அது. இதுல ஒரு இடத்துல நானே தப்பு பண்ணேன், மஞ்ச நெஞ்சுக்கு நடுவுல கறுப்புக் கோடு இருந்த ஒண்ண பெட்டைன்னு நோட்டுல எழுதிட்டேன், அது பெட்டையே இல்ல, ஊதா தேன்சிட்டு ஆண். கூடு கட்டுற சீசன் முடிஞ்சா அது பளபளப்ப உதிர்த்துட்டு பெட்டை மாதிரி ஆயிடும், அந்தக் கோடு மட்டும் காட்டிக் குடுத்துரும். வளர்ற ஆண் குஞ்சுக்கும் அந்தக் கோடு வரும்.

இன்னொரு நல்ல விஷயம், 2 மீட்டர் கிட்ட இருக்கறதக்கூட ஃபோகஸ் பண்ணுது. ஜன்னலுக்கு வெளிய செம்பருத்தில ஒண்ணு உக்காந்திருந்துச்சு, வாலு குட்டை, மூக்கும் சின்னது. அம்மா வாங்கிப் பாத்துட்டு "ஏன்டா, வாயோரம் மஞ்சளா ஏதோ ஒட்டியிருக்கே, அடிபட்டுருச்சா?"ன்னு பதறிட்டாங்க. "இல்லம்மா, குஞ்சு அது, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லி முடிக்கல, சாம்பல் தொண்டைக்காரி வந்து வாய்ல ஊட்டிட்டுப் போனா. அப்புறம் குஞ்சு என்ன ஜாதின்னு கேக்கவே வேண்டியதில்ல. அன்னைக்கு முழுக்க அம்மா பைனாகுலர திருப்பித் தரவே இல்ல.

குறைன்னா வெயிட்டு, முக்கால் கிலோ கிட்ட இருக்கு, பத்து நிமிஷத்துல கை வலிக்கும். கூட வர்ற வார் கழுத்த அறுக்குது, அகலமான வார் தனியா வாங்கி மாட்டிக்கங்க. கண்ணாடி போட்டவங்க கண்ணு வைக்கிற ரப்பர் வளையத்த உள்ள திருகிட்டுப் பாருங்க, இல்லன்னா பாதி வட்டம்தான் தெரியும், அம்மாவுக்கு அப்படித்தான் முதல்ல ஒண்ணுமே தெரியல.