கல்லீரலைக் காக்க எது: கீழாநெல்லியா, சிலிமாரினா?

எலிக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நஞ்சை ஏற்றிக் கல்லீரலைக் கெடுக்க வேண்டியது, மூலிகைச் சாறு கொடுக்க வேண்டியது, எஸ்ஜிபிடி (கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் நொதி) இறங்கியதும் 'ஆன்டிஆக்ஸிடன்ட் காப்பு' என்று எழுத வேண்டியது. கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, நிலவேம்பு எல்லாவற்றுக்கும் இதே அச்சில் வார்த்த ஆய்வுகள் உண்டு. ஒப்பிட நிறுத்துவது பெரும்பாலும் சிலிமாரின் என்ற விதைச்சாறு, எலியின் எடையில் கிலோவுக்கு 50 அல்லது 100 மி.கி.

அளவுக்கு முன்னால் நேரத்தைப் பாருங்கள். சாறு கொடுத்தது நஞ்சுக்கு முன்பா, பின்பா? கல்லீரலின் சிஒய்பி2இ1 நொதி உடைத்து ஃப்ரீ ராடிக்கலாக்கிய (கண்டதையும் தாக்கும் நிலையற்ற துகளாக்கிய) பிறகுதான் கார்பன் டெட்ராகுளோரைடு செல் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கும். முன்கூட்டியே கொடுத்த சாறு அந்த நொதியை முடக்கிவிட்டால் நஞ்சே உருவாகாது. எலி பிழைக்கும், ஆனால் அதில் ஆன்டிஆக்ஸிடன்ட்டுக்குப் பங்கே இல்லாமல் போகலாம். சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓகூட இந்த நொதியைத் தடுக்கும். கரைப்பானை மட்டும் கொடுத்த எலிக்கூட்டம் இல்லாத ஆய்வை நம்ப வேண்டியதில்லை.

சிலிமாரின் பால் நெருஞ்சில் விதையிலிருந்து எடுப்பது. முக்கியச் சரக்கு சிலிபின் (சிலிபினின் என்றும் சொல்வார்கள்). தண்ணீரில் சரியாகக் கரையாது என்பதால் விதையைக் கொதிக்க வைத்துக் குடிப்பது வீண். மாத்திரையாக வழக்கமான அளவு 140 மி.கி., தினம் மூன்று வேளை. இதன் பேர் நிலைத்தது அமானிட்டா நச்சுக்காளானில்: ஊசி வழியாகச் சிலிபினின், கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மி.கி., நான்காகப் பிரித்து. அங்கே அது செய்யும் பெரிய வேலை, நஞ்சு கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வாசலை அடைப்பது. ஹெபடைடிஸ் சி-யில் கதை வேறு. 2012-இல் வெளியான ஆய்வில் 154 பேரில் 420 அல்லது 700 மி.கி. மூன்று வேளை, 24 வாரம் கொடுத்தும் வெற்று மாத்திரையைவிட மேலாக ஒன்றும் நடக்கவில்லை.

கீழாநெல்லிக்கு 1988-இல் சென்னையிலிருந்து வந்த ஆய்வு பெரும் பரபரப்பு. ஹெபடைடிஸ் பி கிருமி சுமப்போருக்கு 200 மி.கி. மூன்று வேளை, 30 நாள். 37 பேரில் 22 பேருக்கு, கிருமி இருப்பதைக் காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜென் ரத்தத்திலிருந்து மறைந்தது, வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பிறகு வேறிடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஊரில் அதற்கு இருக்கும் பெயருக்கு இன்னொரு காரணம், ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும்.

எதைக் குடிக்கிறோம் என்பதிலும் சிக்கல். கீழாநெல்லியில் இருக்கும் ஃபில்லாந்தின் என்ற சரக்கு தண்ணீரில் அதிகம் இறங்காது, ஆல்கஹாலில் இறங்கும். கஷாயத்தில் வருவது ஜெரானின், கோரிலாஜின் போன்ற டானின்கள். கஷாயமும் கடை மாத்திரையும் ஒரே மருந்தல்ல. பறிக்கும்போது காயைத் திருப்பிப் பாருங்கள்: வழவழவென்று சிறு காம்போடு இருந்தால் கீழாநெல்லி, சொரசொரப்பாகத் தண்டோடு ஒட்டியிருந்தால் சிவப்புக் கீழாநெல்லி.

எலிக்குக் கிலோவுக்கு 200 மி.கி. என்றால் 6.2-ஆல் (எலி அளவை மனித அளவாக்கும் எண்) வகுத்து, 60 கிலோ ஆளுக்குச் சுமார் 1.9 கிராம் உலர் சாறு. பத்தில் ஒரு பங்கு சாறு தேறும் என்று வைத்தாலும் தினம் 19 கிராம் காய்ந்த செடி. ஒரு சிட்டிகைப் பொடியோடு ஒப்பிடவே முடியாது.

சோதனைக்குழாயில் ஆன்டிஆக்ஸிடன்ட்டாக முதல் வரிசையில் நிற்கும் பச்சைத் தேயிலைச் சாறு, மாத்திரையாகத் தினம் 800 மி.கி. இஜிசிஜி-யை (தேயிலையின் முக்கியச் சரக்கு) தொட்டால் கல்லீரல் நொதிகளை ஏற்றக்கூடும். மிளகின் பைப்பரின் சேர்த்த மஞ்சள் மாத்திரையாலும் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை.

தரம் நிலையாகக் கிடைப்பதில் சிலிமாரின் முந்தும். ஆனால் பாராசிட்டமால் அளவு மீறினால் இரண்டையும் தள்ளிவைக்க வேண்டும். அங்கே தீர்ந்துபோவது கல்லீரலின் சொந்தக் காப்புப் பொருளான குளூட்டாதயோன். அதை மீட்பது என்-அசிட்டைல்சிஸ்டீன், முதல் 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் மிக அதிகம். வயிற்றுவலி வரும்வரை காத்திராமல், எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதோடு மருத்துவமனைக்குப் போங்கள்.