பாலம் கடக்கும் நேரத்தில்: ஓராண்டு என்னோடு இருந்த மூன்று ஆல்பங்கள்

மலேசியாவில், பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு என்னை ஏற்றிச் செல்லும் பஸ் விடியுமுன் ஐந்தரைக்கு வரும். பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். நெரிசல் இல்லாத நாளில் வீட்டிலிருந்து ஆலை வாசலுக்கு ஐம்பது நிமிடம். மழை பிடித்துக்கொண்டால் ஒன்றரை மணி நேரம். 2025 ஜனவரியில் ஒரு முடிவு எடுத்தேன். இந்தப் பயணத்தில் இனி உதிரிப் பாட்டுகள் கிடையாது. ஓர் ஆல்பத்தை எடுத்தால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசை மாறாமல் கேட்க வேண்டும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இரண்டு வாரம் விடக்கூடாது.

டிசம்பர் வந்துவிட்டது. இருபதுக்கு மேற்பட்ட ஆல்பங்களைக் கேட்டிருக்கிறேன். மறுபடி மறுபடி திரும்பிப் போனது மூன்றுக்குத்தான். மூன்றும் இந்த ஆண்டு வெளிவந்தவை அல்ல. ஆனாலும் இந்த ஆண்டு எப்படிப் போனது என்று யாராவது கேட்டால் எனக்கு அவைதான் முதலில் நினைவுக்கு வரும்.

முதல் இடம், இந்திய இசையையும் ஜாஸையும் கலந்து தரும் சக்தி குழுவின் 'திஸ் மொமண்ட்'. 2023-இல் வந்தது. 1977-க்குப் பிறகு அந்தக் குழு ஸ்டூடியோவில் உருவாக்கிய முதல் ஆல்பம். 2024-இல் கிராமி விருது கிடைத்தபோது இரண்டு பாட்டு கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்த ஆண்டு டிசம்பர் 15 அன்று குழுவின் தபலாக் கலைஞர் ஜாகிர் உசேன் மறைந்தார். அந்தத் துக்கத்தோடுதான் ஜனவரியில் இதை எடுத்தேன்.

முதல் வாரம் எனக்கு எட்டவேயில்லை. ஜான் மெக்லாப்ளினின் கிதார் ஓட ஓட, நான் தொடையில் தாளம் போட்டுப் பார்ப்பேன். இரண்டாவது தாளச் சுற்றிலேயே விரல் தவறிவிடும். வழி திறந்தது தைப்பூசத்துக்குப் பிறகு. பிப்ரவரி 11 அன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் காவடிகளுக்கு நடுவே நின்று உறுமி மேளம் கேட்டேன். வளைந்த குச்சி தோலை அழுத்தி உரசும்போது எழும் அந்த முனகல், மறுநாள் பஸ்ஸில் ஏறியபோதும் காதில் இருந்தது. அப்படியே இந்த ஆல்பத்தைப் போட்டேன். செல்வகணேஷின் கஞ்சிரா அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. கஞ்சிராவின் தோலில் தண்ணீர் தடவித் தளர்த்தி, இடது கை விரல்களால் அழுத்தி, அடியின் குரலைக் கீழே இறக்குவார்கள். உறுமியும் அதைத்தானே செய்கிறது! கையகல வாத்தியம், ஆனால் வயிற்றில் இறங்குகிறது. அதன்பிறகு நான் தாளத்தை எண்ணுவதை விட்டுவிட்டேன். எண்ணாமல் இருந்தபோது விரல் தானாகச் சமத்தில், தாளச் சுற்று தொடங்கும் இடத்தில், வந்து நின்றது.

இதில் 'மோகனம்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. ஜூன் மாதத்தில் ஒருநாள் பக்கத்து இருக்கையில் இருந்த சக தொழிலாளி, ஹொக்கியன் பேசும் சீனர், என்ன கேட்கிறாய் என்று மலாயில் விசாரித்தார். ஓர் இயர்ஃபோனைக் கொடுத்தேன். சற்று நேரம் கேட்டவர், "இது எங்கள் கோயில் திருவிழாப் பாட்டு மாதிரி இருக்கிறதே" என்றார். அவர் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. மோகன ராகத்துக்கு ஐந்தே சுரங்கள்; சீன இசையின் ஐந்து சுர அடுக்கும் அதேதான். பாலம் முடியும்வரை ஆளுக்கு ஒரு காதில் கேட்டுக்கொண்டு போனோம். இருவருக்கும் அது சொந்த வீட்டுப் பாட்டாக இருந்தது.

அடுத்தது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'. 1986-இல் வந்த வாத்திய இசை ஆல்பம். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் அவர் வைத்த காணிக்கை. அப்பா அதைக் கேசட்டாக வாங்கி வைத்திருந்தார். சிறுவயதில் எனக்கு அது "பாட்டே இல்லாத கேசட்". மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறிய செய்தியைப் படித்துவிட்டு, அந்த வேரைத் தேடித்தான் இதற்குத் திரும்பினேன். வி. எஸ். நரசிம்மனின் வயலினை இப்போது கேட்கும்போது, இத்தனை ஆண்டு இதை எப்படித் தவறவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

ஆல்பத்தை ஏன் வரிசையாகக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை. ஒரு பாட்டின் பெயர் 'ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்'. என் வீட்டில் பாஹைச் சந்தித்தேன் என்கிறார். அடுத்த பாட்டின் பெயர் 'அண்ட் வி ஹேட் எ டாக்'. பேசிக்கொண்டிருந்தோம் என்று வாக்கியத்தை முடிக்கிறார். முதலாவதில், பாஹ் தனி வயலினுக்கு எழுதிய பார்ட்டிட்டா என்ற இசைத் தொகுப்பு ஒன்றின் தொடக்கம் நமக்குத் தெரிந்த உருவிலேயே வருகிறது. அதன் பக்கத்தில் நம் ஊர் கமகம் வந்து உட்காருகிறது. நான் அப்போது வைத்திருந்த செயலியோ பாட்டுகளைத் தன் இஷ்டத்துக்குக் கலைத்துப் போடும். ஒருநாள் பேச்சு முதலில் வந்தது, சந்திப்பு கடைசியில் வந்தது. அன்று மாலையே அந்தச் செயலியை நீக்கிவிட்டு, ஆல்பங்களைக் காசு கொடுத்து வாங்கிக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டேன்.

புதுப்பட ஆல்பங்களும் வந்தன, கேட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டாவது நன்றாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் எதையும் முழுதாகக் கேட்க முடியவில்லை. பாட்டுக்குப் பாட்டு உறவே இல்லை.

மூன்றாவது நம் நாட்டுப் படைப்பு: யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 2006-இல் தந்த 'வல்லவன்'. லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் ஒரு ஞாயிறு காலை, துருப்பிடித்த சாவிகளுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் நடுவே அதன் சிடி கிடந்தது. பத்து ரிங்கிட். இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது 'மடை திறந்து' பாட்டை மட்டும் தேய்த்திருக்கிறோம். இப்போது முழுதாகக் கேட்டால் வேறு செய்தி சொல்கிறது. தமிழில் ராப் பாட முடியுமா என்று தமிழ்நாட்டிலேயே பலர் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், மலேசியப் பையன்கள் ஒரு முழு ஆல்பத்தையே தமிழில் எழுதிப் பாடியிருக்கிறார்கள். எதுகையும் மோனையும் அந்த வேகத்தில் எவ்வளவு இயல்பாக வந்து விழுகின்றன! தீபாவளியன்று அண்ணன் மகன் கேட்டுவிட்டு, "சித்தப்பா, இது புதுசா?" என்றான். உன்னைவிட மூத்தது என்றேன். சிடியை வாங்கிக்கொண்டு போனவன் இன்னும் திருப்பித் தரவில்லை. இருக்கட்டும், அவன் கேட்கட்டும்.

ஜனவரி முதல் வாரத்துக்கு 'நத்திங் பட் விண்ட்' எடுத்து வைத்திருக்கிறேன். இளையராஜா 1988-இல் செய்தது. ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழல். அப்பாவின் பெட்டியில் அந்தக் கேசட்டின் உறை மட்டும் இருக்கிறது. கேசட் எங்கே என்று கேட்டேன். "யாருக்கோ கேட்கக் கொடுத்தேன்" என்றார்.