போட்டுக்குக் கராஜ்: மரச்சட்டமா, போல் பார்னா, வளைவுத் தகரமா?

கராஜ் கட்டப்போகிற ஆக்கள் எல்லாரும் முதலில் கேட்பது சதுர அடி என்ன விலை என்றுதான். நானும் அதைக் கேட்டுக்கொண்டு இரண்டு மாதம் திரிந்தேன், ஒன்றும் சரிவரவில்லை, ஏனென்றால் கேள்வியே பிழை. முதலில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போட்டுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அதுவும் தண்ணீரில் மிதக்கிற போட் இல்லை, ரெயிலரில் ஏறி நிற்கிற போட்.

என்னுடையது கனடாவில், ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் பேர்ச் மீன் பிடிக்கப் போகிற 19 அடி அலுமினியம் போட். 19 என்பது விற்கும்போது சொல்கிற அளவு. பின்னால் தொங்குகிற மோட்டரையும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ரெயிலர் நாக்கையும் சேர்த்து அளந்தால் 24 அடி 8 அங்குலம். சில்லு மூடிகளோடு அகலம் 8 அடி 6 அங்குலம். உயரம், மடித்து வைத்த கன்வஸ் கம்பி வரைக்கும் 7 அடி 4 அங்குலம்.

வீட்டுக் கராஜ் கதவு சாதாரணமாக 7 அடி உயரம். அப்போ 8 அடிக் கதவு போட்டால் காணும்தானே என்று நானும் நினைத்தேன். என்னுடைய டிரைவ்வே கராஜை நோக்கி 20 அடிக்கு 1 அடி ஏறுகிறது. ரெயிலரைப் பின்னுக்குத் தள்ளி ஏற்றும்போது மூக்கு தாழ்ந்து, வால் கிளம்பும். அச்சில் இருந்து பின்பக்கம் 8 அடி நீண்டு நிற்கிற போட்டுக்கு அந்தச் சரிவில் வால் 5 அங்குலம் மேலே போகும். 7 அடி 4, 7 அடி 9 ஆகிவிட்டது. மிச்சம் 3 அங்குலம். டிசம்பரில் வாசலில் ஸ்னோ இறுகிக் கட்டிபட்டு நின்றால் அந்த 3 அங்குலமும் இல்லை. ஆகவே 9 அடிக் கதவு, இடமும் காசும் இருந்தால் 10.

இதைச் சொல்ல இவ்வளவு நேரம் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 9 அடிக் கதவு என்றால், மேலே தண்டவாளம் வளைந்து திரும்ப இன்னும் ஓரடிக்கு மேல் வேண்டும், அதனால் சுவர் பத்தரை அடிக்குக் குறையாமல் வரும். 10 அடிக் கதவென்றால் சுவர் கிட்டத்தட்ட 12 அடி. அதற்கு மேல் கூரை. மொத்த உயரம் எங்கே போய் முட்டும் என்றால் நகரசபையின் சோனிங் விதியில். வளவில் வீட்டைவிடத் தனியாக நிற்கிற கட்டிடம் எவ்வளவு உயரலாம், எல்லையில் இருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், நிலத்தில் எத்தனை வீதத்தை மூடலாம் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு கணக்கு. ஏரிக்கரையோரம் என்றால் நீர்வளப் பாதுகாப்புச் சபையின் அனுமதியும் சேர்ந்துகொள்ளும். செப்ரிக் தொட்டியும் அதன் வடிகால் பாத்தியும் எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியாமல் கோடு கீறவே கூடாது. இவ்வளவும் பார்த்த பிறகுதான் எந்த வகைக் கட்டிடம் என்ற பேச்சே.

என் ஒப்பீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். நான் ஏரிக்குக் கிட்ட, ஊருக்குள், ஒடுங்கின வளவில் இருக்கிறேன். மச்சான் ஓரில்லியாவுக்கு வெளியே இரண்டு ஏக்கரில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே கோடையில் கராஜ் யோசனை வந்தது, இரண்டு பேரும் எல்லா வகைக்கும் விலை கேட்டோம், கடைசியில் வேறு வேறு முடிவுக்கு வந்தோம்.

மரச்சட்டம்தான் இங்கே வீடு கட்டுகிற முறை. 2க்கு 6 அங்குலப் பலகைச் சட்டம், மேலே ட்ரஸ், அதாவது முக்கோணக் கூரைச் சட்டம், வெளியே சுவரை மூட வீட்டுக்குப் போட்ட அதே சைடிங். சுவருக்குள் இன்சுலேசன் வைக்கச் சுகம், எந்த இடத்திலும் ஆணி அடித்துத் தட்டு மாட்டலாம், துடுப்பு, தூண்டில், கயாக் எல்லாம் சுவரில் ஏறிவிடும். விற்கும்போதும் வீட்டோடு சேர்ந்த மாதிரி வடிவாக இருக்கும். செலவு நிலத்துக்கு அடியில்தான் இருக்கிறது. தெற்கு ஒன்ராறியோவில் நிலம் உறைகிற ஆழத்துக்கு 1.2 மீற்றர் என்று கணக்கு, அதாவது 4 அடி. அத்திவாரம் அதற்குக் கீழே போகாவிட்டால் மாரியில் களிமண் உறைந்து உப்பிக் கட்டிடத்தையே தூக்கும். ஆகவே சுற்றிவரக் கிடங்கு வெட்டி, கொங்கிறீற் சுவர் எழுப்பி, பிறகு நடுவில் தளம்.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதை அறிந்தவர்கள் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். கல்லில் கட்டாத, ஒரே தட்டுள்ள, தனியாக நிற்கிற கராஜ் 55 சதுர மீற்றருக்குக் குறைவாக இருந்தால் அந்த ஆழத்துக்குப் போகத் தேவையில்லை, நிலத்தின் மேலேயே கிடக்கிற, ஓரம் தடித்த மிதவைத் தளம் போதும். 55 சதுர மீற்றர் என்றால் 592 சதுர அடி. ஊர் முழுக்க 24க்கு 24 கராஜ் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம், அது 576. ஆனால் என்னுடைய போட் 24 அடி 8. எல்லாரும் கட்டுகிற அளவில் போட் கதவுக்கு வெளியே நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். இதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறகு ஒரு இரவு கொப்பியில் கீறிக்கீறிப் பார்த்ததில் 20க்கு 28 என்று வந்தது. 560 சதுர அடி. விலக்குக்குள் நிற்கிறது, போட்டும் நிற்கிறது. சதுரமாக யோசிக்காமல் நீட்டாக யோசித்தால் போதும். அதோடு ரெயிலர் நாக்கை மடக்குகிற மாதிரி மாற்றினால் இன்னும் 2 அடி கிடைக்கும்.

போல் பார்ன் அடிப்படையில் வேறு விதம். சுற்று அத்திவாரமே இல்லை. 8 அடிக்கு ஒரு தடித்த மரத்தூண், உறைபனி ஆழத்துக்குக் கீழே இறக்கி, அடியில் கொங்கிறீற் தட்டு, மேலே அகலமான ட்ரஸ், சுற்றிவரத் தகரம். உள்ளே ஒரு தூண்கூடக் குறுக்கே நிற்காது. தளத்துக்கு முதலில் சரளைக்கல் கொட்டிவிட்டு, காசு சேர்ந்த பிறகு கொங்கிறீற் போடலாம், மிதவைத் தளத்தில் நிற்கிற மரச்சட்டத்தில் அந்த வசதி இல்லை. எனக்கு வந்த விலைகளில், போல் பார்னை 100 என்று வைத்தால் அதே அளவு முழு அத்திவார மரச்சட்டம் 130க்கும் 150க்கும் நடுவில் நின்றது. பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளி கூடும்.

பிறகென்ன, எல்லாரும் அதையே கட்டலாமே என்றால், பொறுங்கள். பண்ணைக்காரர் மலிவாகக் கட்டினார் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். விவசாயக் கட்டிடத்துக்கு உள்ள விதி வேறு, வீட்டுக் கராஜுக்கு அந்தச் சலுகை கிடையாது. தூண் முறையைக் கட்டிடச் சட்டத்தின் சின்ன வீட்டுப் பகுதி விவரித்துச் சொல்லாததால் இஞ்சினியர் கையெழுத்துப் போட்ட வரைபடம் வேண்டும். அடுத்தது தூண். மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த அரை அடியில்தான் மரம் உக்கும். மருந்தேற்றின மரம் என்றாலும் எனக்கு நம்பிக்கை இல்லை, கொங்கிறீற் தூணை மண்ணில் இறக்கி அதன் மேல் இரும்புப் பிடியில் மரத்தை நிறுத்தும் முறைக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நல்லது. மச்சான் அப்படித்தான் செய்தார்.

ஆனால் அவர் விட்ட பிழை கூரையில். தகரத்துக்கு அடியில் ஒன்றும் போடாமல் விட்டார். முதல் மாரி முடிகிற நேரம், ஒரு மார்ச் காலை, நான் அங்கே போய் நிற்கிறேன். தகரத்தின் உட்பக்கம் முழுக்க வெள்ளை உறைபனி, மா தூவின மாதிரி. பத்து மணிக்கு வெயில் கூரையில் பட்டது. முதலில் போட் மூடியில் டிக் என்று ஒரு துளி. பிறகு இரண்டு. அரை மணித்தியாலத்தில் கராஜுக்கு உள்ளே மழை, வெளியே நல்ல வெயில். சரளைத் தளத்தில் இருந்து ஏறுகிற ஈரம் போக வழியில்லாமல் குளிர்ந்த தகரத்தில் படிந்து, திரும்பவும் போட்டுக்கு மேலேயே விழுகிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கிற மெல்லிய கம்பளி ஒட்டின தகரம் கிடைக்கிறது, வாங்கும்போதே அதைக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். பிறகு கீழே இருந்து ஃபோம் அடித்ததற்கு அவருக்குப் போன காசை நான் இங்கே எழுதினால் வீட்டில் சண்டை வரும்.

மூன்றாவது, வளைவுத் தகரம், இங்கே குவான்செற் என்பார்கள். 1916இல் பிரிட்டிஷ் இராணுவத்துக்காகப் பீற்றர் நிசன் வடிவமைத்த குடிலின் வழியில், 1941இல் ரோட் ஐலண்டின் குவான்செற் பொயின்ற்றில் அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்தது. கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் எங்கும் பூட்டலாம் என்பதற்காகப் பிறந்த சாமான். விளம்பரத்தில் விலையைப் பார்த்தால் வாய் ஊறும். அந்த விலையில் முன்சுவர், பின்சுவர், கதவு, அத்திவாரம் எல்லாம் அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள், அநேகமாக இல்லை. வளைவு தன் பாரத்தை நேரே கீழே இறக்காது, காலை விரித்து வெளிப்பக்கம் தள்ளும், ஆகவே அத்திவாரத்தில் மிச்சம் பிடிக்கவும் முடியாது.

இன்னொரு கணக்கு இருக்கிறது, விற்கிறவர் போட்டுக் காட்டமாட்டார். 20 அடி அகல அரைவட்டத்துக்கு உச்சி 10 அடி. நடுவில் இருந்து 5 அடி தள்ளிப் போனால் உயரம் 8 அடி 8 அங்குலம்தான். எனக்கு வேண்டிய 10 அடி அகல, 9 அடி உயரக் கதவின் இரண்டு மேல் மூலைகளும் வளைவைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கும். ஓரத்தில் இருந்து ஓரடி உள்ளே உயரம் 4 அடி 4, குனிந்துதான் சாமான் எடுக்க வேண்டும். தட்டு மாட்ட நேரான சுவரே இல்லை. 30 அடி அகலத்துக்குப் போனால் இந்தக் குறை தீரும், ஆனால் என் வளவில் 30 அடி ஏது. வாங்குவதென்றால் உங்கள் ஊர் ஸ்னோ பாரத்துக்குக் கணக்குப் போட்டதா, தயாரிப்பாளரிடம் கனடியத் தரச் சான்று, அதாவது ஏ660, இருக்கிறதா என்று பாருங்கள். ரொறன்ரோவுக்குச் செய்த கணக்கு பாரி நகரப் பக்கம் காணாது, ஜோர்ஜியன் குடாவில் இருந்து வருகிற ஸ்னோ வேறு விதம்.

துணிக் கூடாரம் பற்றி ஒரு வரி போதும்: ஒரு மாரி தாங்கும், இரண்டாவது மாரியில் நீங்கள் இரவு எழும்பித் தும்புத்தடியால் ஸ்னோ தட்டுவீர்கள்.

கட்டாமலே விடுவதும் ஒரு தெரிவுதான். மாரிக்குப் போட்டை, காசுக்குப் போட் நிறுத்தி வைக்கிற யார்டில் விட்டால் அடிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், சில இடங்களில் நாக்கையும் சேர்த்துத்தான் அடி. வருடாவருடம் பிளாஸ்ரிக் சுற்றி, வருடாவருடம் வெட்டி எறிய வேண்டும். போட் மட்டும்தான் என்றால் இதுதான் மலிவு, கராஜின் செலவை இதோடு வைத்துப் பார்த்தால் பல வருடம் யார்டிலேயே விடலாம், அதை மறைப்பதில் பிரயோசனம் இல்லை. ஆனால் எனக்கு ஸ்னோ புளோவர், ஐஸ் துளைக்கிற ஓகர், ஐஸ் குடில், புல்லு வெட்டுகிற மெசின், இரண்டு கயாக் எல்லாம் இருக்கின்றன. ஊரில், வடமராட்சிக் கரையில், வள்ளத்தை நாலு பேர் தள்ளி மணலில் ஏற்றி, மேலே கிடுகு போட்டால் கராஜ் முடிந்தது, வலை வாடிக்குள் போய்விடும். அப்பா இங்கே வந்து என் சாமான்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவும் வைத்துக்கொண்டு எத்தனை மீன் பிடிக்கிறாய் என்று கேட்டார். பேச்சை மாற்றிவிட்டேன்.

எந்த வகை கட்டினாலும் மாறாத சில விசயங்கள். கராஜ் தளத்துக்கு 32 மெகாபாஸ்கல் பலமுள்ள, காற்றுக் கலந்த கொங்கிறீற் கேளுங்கள், ரோட்டு உப்புத் தண்ணீரும் உறைபனியும் சாதாரணத் தளத்தைச் செதில் செதிலாகக் கழற்றும். ஹீற்றர் வைப்பதென்றால் நெருப்பு வருகிற இடம் தளத்தில் இருந்து குறைந்தது 450 மில்லிமீற்றர் மேலே இருக்க வேண்டும், பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு ஊர்ந்து வரும். ஹீற்றர் இல்லாத கராஜ் என்றால், கூரை இருக்கிறதுதானே என்று மோட்டரை அப்படியே விடாதீர்கள், வெளியே உறைவது உள்ளேயும் உறையும், தண்ணீரை வடித்து பற்றரியைக் கழற்றத்தான் வேண்டும்.

நான் 20க்கு 28 மரச்சட்டம் கட்டினேன், 9 அடி உயரக் கதவு. போட்டுக்குப் பக்கத்தில் கார் நிற்கும், ஆனால் கார்க் கதவைத் திறந்து இறங்க வயிற்றை எக்க வேண்டும், அகலத்தில் இன்னும் 2 அடி கிடைத்திருந்தால் நல்லாயிருக்கும். மச்சானுடையது 32க்கு 40, உள்ளே ட்ரக்கோடு போட்டைத் திருப்பலாம். "உனக்கு வீடு போல கராஜ் வேணும், எனக்கு கராஜ் போல கராஜ் காணும்" என்றார். இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறவர் அப்படிச் சொல்லலாம். எனக்கும் அவ்வளவு நிலம் இருந்தால் போல் பார்ன்தான் போட்டிருப்பேன், கூரைக்குக் கம்பளித் தகரத்தோடு.

கதவு ஓடர் பண்ணும்போது ஒன்று: இங்கே அகலத்தைத்தான் முதலில் சொல்லுவார்கள், உயரம் பிறகு. மச்சான் ஃபோனில் மாற்றிச் சொல்லி, 9 அடி அகலம், 10 அடி உயரத்தில் ஒரு கதவு வந்து இறங்கியது. 8 அடி 6 அங்குல ரெயிலருக்கு இரண்டு பக்கமும் மும்மூன்று அங்குலம். திருப்பி அனுப்பி மாற்ற மூன்று கிழமை போனது.